முதல் பந்தி

அந்த மடத்தில் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் ஊரில் குறைவு. சிரித்தவர்களுக்கும் முகம் கோணாமல் இலை போட்டுப் பரிமாறியவர்தான் அந்தச் சீடர் கோமதிநாயகம்.

தாமிரபரணிக் கால்வாய்க்கு மேற்கே, நெல்வயல்களுக்கு நடுவில் மடம். அங்கே வந்து சேர்வதற்கு முன் கோமதிநாயகத்துக்குக் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிக்கிற வேலை. எந்த இலையில் எது குறைகிறது, யார் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. எச்சில் இலையைப் பார்த்தே அதில் சாப்பிட்டவர் யார் என்று சொல்லிவிடுவார். பல் போன பெரியவரா, முறைத்துக்கொண்டு வந்த சித்தப்பாவா, முந்தின வேளை பட்டினி கிடந்தவரா, எல்லாம் இலையிலேயே தெரியும் என்பார். கொஞ்சம் கர்வம்தான். ஆனால் பசித்து உட்கார்ந்த ஒருவரையும் அவர் எழுப்பிவிட்டதில்லை. அதனால் அந்தக் கர்வத்தை ஊர் பொறுத்துக்கொண்டது.

மடத்தை நிறுவிய பெரியசாமி ஒரு கல்மண்டபத்தில் சமாதி அடங்கியிருந்தார். பங்குனியில் அவருக்குக் குருபூசை. அன்று மண்டபத்துக்கு முன்னால் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். மடத்து வயலில் விளைந்த நெல்லைத் தவிர வெளி அரிசி ஒரு மணிகூட உலையில் விழக்கூடாது. அந்த வயலில் விஷமும் தெளிக்கக்கூடாது. முதல் பந்தியில் வயலில் பாடுபட்டவர்கள் மட்டும்தான் உட்காரலாம். எவ்வளவு பெரிய மனுஷர் கார் வைத்துக்கொண்டு வந்தாலும் இரண்டாம் பந்திதான். பெரியசாமி சொல்லிப்போன இந்த முறைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர் கோமதிநாயகம். அடுப்பு எரியாத குருபூசை அந்த மடத்தில் இதுவரை இல்லை.

அவருக்கு ஒரே ஒரு எதிரி. மண்டபத்தில் தொங்கும் வௌவால் கூட்டம்.

ஒரு புரட்டாசிக் காலையில், துடைப்பத்தோடு நேரே குருவிடம் வந்து நின்றார். குரு தவமணிச் சாமி கிணற்றடியில் வாழைக்கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, இனி என்னால முடியாது."

"என்ன?"

"மண்டபத்து வவ்வாலு. பெரியசாமி தலைமேல எச்சம் போடுது. காலைல பெருக்குனா சாயங்காலம் நாறுது."

"இன்னிக்குப் பெருக்குன குப்பையில என்ன கெடந்தது?"

"புழுக்கை. வேற என்ன கெடக்கும்? அப்புறம் ஏதோ சின்னச் சின்ன இறக்கை. வைக்கோல் நிறத்துல, நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு."

"யாரு இறக்கை?"

"யாரு இறக்கையா இருந்தா என்ன சாமி? குப்பை குப்பைதான்."

குரு மண்ணை வெட்டினார். கோமதிநாயகத்துக்குக் கோபம் ஏறியது.

"பாடுபடாதவனுக்கு இந்த மடத்துல முதல் பந்தியில இலை கெடையாதுன்னு பெரியசாமியே சொல்லியிருக்காவ. அந்த வவ்வாலு என்ன வேலை செய்யுது? பகல் பூரா தலைகீழாத் தொங்குது."

"நம்மகிட்ட இலை கேட்டுதா?"

"கேக்கலை."

"அப்ப எங்க சாப்பிடுது?"

"எங்கேயோ போய்த் திங்குது. அது எனக்கு எதுக்கு? சாமி, ஒண்ணு அது இங்க இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்."

குரு மண்வெட்டியைக் கீழே வைத்தார். 

"வாசல் உம்ம கையிலதான இருக்கு. யாரை விடணும், யாரை நிறுத்தணும்னு நீரே பாத்துக்கிடும்" என்றார்.

கோமதிநாயகம் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மனசுக்குள் முடிவு செய்துவிட்ட மனிதனுக்கு இதில் பாதி சொல்லே போதும்.

அவர் கொலைகாரர் அல்ல. அன்று அந்தி சாயும்வரை பொறுத்திருந்தார். வௌவால்கள் கூட்டமாக வெளியே கிளம்பிப் போன பிறகு, மண்டபத்து வாசலிலும் மேல் சன்னல்களிலும் நைலான் வலையை இழுத்துக் கட்டினார். விடிகிற நேரத்தில் அவை திரும்பி வந்தன. வலையில் உரசின. சுற்றின. மறுபடி உரசின. பிறகு எங்கேயோ போய்விட்டன.

அவருக்கு நெஞ்சில் ஏதோ முள்ளாகக் குத்தியது. வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மண்டபத்தைப் பார்க்க வேண்டுமே! கூரைக்கும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார். மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டார். யாரோ உபயமாகக் கொடுத்த குழல்விளக்குகளை வரிசையாகப் பொருத்தினார். வலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் எல்லாரும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நாயகம் இருக்கதுனாலதான் மடம் மடமா இருக்கு" என்றார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். உள்ளுக்குள் குளிர்ந்துபோனார்.

குரு ஒரு தடவை வந்து பார்த்தார். "சுத்தமா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

பிசானப் பருவத்து நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்தது. திருக்கார்த்திகை வந்தது. மடத்தைச் சுற்றிலும் வரப்பு ஓரத்திலும் அகல் ஏற்றி வைத்தார்கள். எங்கிருந்துதான் வந்தனவோ, பூச்சிகள் பொலபொலவென்று வந்து விழுந்தன. அகலுக்குள் விழுந்து திரியையே அணைத்தன. காலையில் அவற்றைக் கூட்டி அள்ளும்போது கோமதிநாயகத்தின் கை ஒரு கணம் நின்றது. வைக்கோல் நிறம், கறுப்புப் பொட்டு. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று யாரோ கூப்பிட, போட்டது போட்டபடி ஓடிவிட்டார்.

கொஞ்ச நாளில் மடத்து வயலைப் பார்த்துக்கொள்ளும் உச்சிமாகாளி வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாச்சி, வயலுக்கு வாங்க."

வயலில் இறங்கி ஒரு பயிரின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தான். காய்ந்துபோன குருத்து கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததும்.

"குருத்துப்பூச்சி. புழு உள்ள இருந்து தண்டைத் திங்குது. நம்ம வயல்ல இந்த மாதிரி நான் பாத்ததே இல்லை."

"என்ன செய்யணும்?"

"மருந்து அடிக்கணும்."

"அடிக்கக்கூடாதுன்னு தெரியும்லா?"

"தெரியும். அப்ப ஒண்ணு கேட்டுக்கிடுங்க. இப்பம் போனது போகட்டும், தூர்ல புதுக் குருத்து மறுபடி வெடிக்கும். ஆனா இந்தப் பூச்சி இப்படியே முட்டை போட்டுக்கிட்டே இருந்துச்சுன்னா, கதிர் வாரப்ப எல்லாம் பதருதான். வெள்ளையா நட்டுக்கிட்டு நிக்கும், உள்ள ஒரு மணி இருக்காது. குருபூசைக்குக் கடை அரிசிதான் வாங்கணும்."

கோமதிநாயகம் அந்தக் காய்ந்த குருத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, கடை மூட்டையைப் பிரித்து உலையில் கொட்டுவதை நினைத்துப் பார்த்தார். இல்லாவிட்டால் விஷம் தெளித்த சோற்றைப் பெரியசாமி முன்னால் வைக்க வேண்டும். இரண்டும் தன்னால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது.

குருவிடம் போனார். சொன்னார்.

"சாயங்காலம் வயலுக்குப் போவோம். வாழையிலை ஒண்ணு எடுத்துக்கிடும்" என்றார் குரு.

"இலை எதுக்கு சாமி?"

"பந்தி விசாரிக்கத்தான்."

வெயில் இறங்கியதும் இருவரும் வரப்பில் போய் உட்கார்ந்தார்கள். குரு இலையைத் தரையில் விரித்தார். மேற்கே வெளிச்சம் மங்கியது. பயிருக்குள் ஏதோ அசைந்தது. ஒன்றாக, பத்தாக, பிறகு எண்ணமுடியாதபடி பூச்சிகள் மேலே எழும்பின.

"பந்தி ஆரம்பிச்சாச்சு. விசாரியும்" என்றார் குரு.

கோமதிநாயகம் திருதிருவென்று விழித்தார். ஒரு பூச்சி வந்து இலையில் உட்கார்ந்தது. அவர் குனிந்து பார்த்தார். வைக்கோல் நிற இறக்கை. நடுவில் கறுப்புப் பொட்டு.



"சாமி... இந்த இறக்கை..."

"எங்க பாத்தீர்?"

"மண்டபத்துல. பெருக்குன குப்பையில. தினமும்."

"எச்சில் இலையைப் பாத்தே ஆளைச் சொல்லிருவீரே."

 தன் தொழிலிலேயே தோற்றுப்போனதுபோல அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது.

"பரிமாறினது இவ்வளவு கெடக்கு. சாப்பிட ஒருத்தரையும் காணோமே" என்றார் குரு.

"வாசல்ல வலை கட்டியிருக்கு சாமி."

வயலின் மேல் வானம் வெறுமையாக இருந்தது. பூச்சிகள் பயமில்லாமல் பறந்தன.

"சாமி, அவங்க இந்த வயல்லதான் சாப்பிடுதாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அன்னிக்கே ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம்லா?"

"அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்னு சொன்னீர். எனக்கு ரெண்டு பேருமே வேணும், நாயகம்."

கோமதிநாயகம் எழுந்தார். அந்த வயதில் வரப்பில் அப்படி ஓடக்கூடாது. ஓடினார். மண்டபத்து வாசலில் கட்டிய வலையை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கிழித்தே எடுத்தார். குழல்விளக்குகளைக் கழற்றினார். பழைய சின்ன அகலை மட்டும் பெரியசாமி காலடியில் வைத்தார். சாம்பிராணிச் சட்டியைச் சமையல்கட்டுக்கு அனுப்பினார்.

ஊர் சும்மா இருக்குமா? "பெரியசாமியை மறுபடி இருட்டுல உக்காத்தி வச்சிட்டாவளே" என்று இழுத்தார்கள். "வயசாகிட்டுலா" என்று சமாதானமும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வௌவால்கள் வரவில்லை.

மார்கழி பிறந்தது. ஒவ்வொரு அந்தியிலும், ஒவ்வொரு விடியலிலும் கோமதிநாயகம் மண்டபத்து வாசலில் டார்ச் லைட்டோடு நின்றார். கூரையில் அடித்துப் பார்த்தார். சன்னலில் அடித்துப் பார்த்தார். சுண்ணாம்புதான் பளபளத்தது. சில நாள் இரண்டு மூன்று வௌவால்கள் வாசல்வரை வந்தன. "வாங்க, வாங்க" என்று அவர் ஆசையாக வெளிச்சத்தைத் திருப்பினார். வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டன.

உச்சிமாகாளி ஒரு புட்டியைக் கொண்டுவந்து மடத்துக் கிணற்றடியில் வைத்தான். யாரும் சொல்லாமல் அவனே வாங்கி வந்த பூச்சிமருந்து.

"பயிர் தூர் வெடிச்சு நல்லா வந்துட்டு அண்ணாச்சி. இன்னும் கொஞ்ச நாள்ல கதிர் பொதி கட்டிரும். பூச்சியும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. இந்த வெள்ளிக்கிழமை விடியுற வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் உங்களை நான் கேக்க மாட்டேன். பெரியசாமிகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

 கோமதிநாயகம் குருவிடம் போய்க் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"வலையை எடுத்தாச்சு, விளக்கை எடுத்தாச்சு. வர மாட்டேங்காங்க சாமி."

குரு கேட்டார்: "கல்யாண வீட்டுல யாராச்சும் கோவிச்சுக்கிட்டுப் போனா என்ன செய்வீர்?"

"போய்க் கூப்பிடுவோம்."

"வந்துருவாங்களா?"

"லேசுல வர மாட்டாங்க. ஒரு முறை இருக்கு. யாரு அவங்களை அவமானப்படுத்துனானோ அவன் வாசல்ல நிக்கக்கூடாது. அவன் முகத்தைப் பாத்தா மறுபடி திரும்பிருவாங்க. அவனைக் கொல்லைப் பக்கம் அனுப்பிட்டு, கதவைத் திறந்து போட்டுட்டு, நாம நம்ம வேலையைப் பாக்கணும். தன்னால வந்து உக்காருவாங்க."

"நீரு எங்க நிக்கீர்?"

கோமதிநாயகம்  கையிலிருந்த டார்ச் லைட்டைப் பார்த்தார்.

அன்று அந்தியில் அவர் மண்டபத்துப் பக்கம் போகவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புளியை உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டிய உருண்டைகளையே மறுபடி உருட்டினார். மறுநாளும் போகவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று பந்தி விசாரித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை நன்றாக விடிந்த பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி உள்ளே போனார்.

தரையில் புழுக்கை கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, தாராளமாகவே. அதோடு, வாசல் வெளிச்சத்தில் சின்னச் சின்னதாக இறக்கைகள். அவர் மண்டியிட்டு ஒன்றை எடுத்தார். கறுப்புப் பொட்டு. இன்னொன்றை எடுத்தார். கறுப்புப் பொட்டு. தலைக்கு மேலே கீச்சுக் கீச்சென்று சண்டை நடந்துகொண்டிருந்தது. இடம் பிடிக்கிற சண்டை. கல்யாண வீட்டில் எத்தனை கேட்டிருப்பார்!

துடைப்பம் அங்கேயே விழுந்தது. இரண்டு கையிலும் குப்பையை அள்ளிக்கொண்டு கோமதிநாயகம் ஓடினார். கால்வாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"சாமீ! வந்துட்டாவ! இலையைப் பாருங்க சாமி! வயிறாரச் சாப்பிட்டிருக்காவ!"

கிணற்றடியில் புட்டியைத் திறக்கப்போன உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தான்.

"யாரு அண்ணாச்சி வந்திருக்காவ?"

கோமதிநாயகம் அவன் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். அவன் முதலில் முகம் சுளித்தான். பிறகு ஒரு இறக்கையை விரல் நுனியில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். புட்டியின் மூடியை இறுக்கினான்.

அன்று சாயங்காலம் ஊரில் பாதிப்பேர் வரப்பில் வந்து நின்றார்கள். சிரிக்கத்தான் வந்தார்கள். வெளிச்சம் மங்கியதும் மண்டபத்து வாசலிலிருந்து முதல் வௌவால் கிளம்பியது. பின்னாலேயே ஒரு கூட்டம். பிறகு மடை திறந்த மாதிரிக் கொட்டிக்கொண்டே வந்தது. வயலுக்கு மேலே பரவின, மடங்கின, சரிந்தன, திரும்பின. எழும்பிய பூச்சிகள் கண்ணெதிரே காணாமல் போயின. யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். உச்சிமாகாளி துண்டைத் தூக்கிச் சுழற்றினான். கோமதிநாயகம் மட்டும் கை கட்டிக்கொண்டு நின்றார், நல்ல பந்தி நடக்கும்போது நிற்பதைப் போல.

தை முடிந்து மாசியும் போயிற்று. கதிர்கள் தலை தூக்க முடியாமல் சாய்ந்தன. ஆங்காங்கே சில வெண்கதிர்கள் நின்றன, இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் களத்தில் நெல் குவிந்தபோது, அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஆளை இந்தப் பக்கம் நின்றவருக்குத் தெரியவில்லை.

பங்குனிக் குருபூசை வந்தது. புது அரிசி உலையில் கொதித்த வாசம் ரோடுவரை போயிற்று. சொதி, அவியல், பருப்பு, இரண்டு வகைப் பாயசம். மண்டபத்துக்கு முன்னால் முதல் பந்திக்கு இலை விழுந்தது. உச்சிமாகாளி, நாற்று நட்ட பெண்கள், களை எடுத்தவர்கள், அறுத்தவர்கள், அடித்தவர்கள், எல்லாரும் உட்கார்ந்தார்கள். சோறு விழுந்தது. நெய் விழுந்தது.

யாரும் கை வைக்கக் கூடாது என்று கோமதிநாயகம் கையைத் தூக்கினார்.

மண்டபத்து வாசற்படியில் இன்னொரு நுனியிலை போட்டிருந்தார். சோறும் கறியும் முழுசாகப் பரிமாறியிருந்தார். அந்த இலைக்கு முன்னால் ஆள் இல்லை.

சோறு ஆறத் தொடங்கியது. இரண்டாம் பந்திக்கு நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காரில் வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

குரு வந்தார்.

"என்ன நாயகம், யாருக்குக் காத்திருக்கீர்?"

"முதல் பந்தி நிறையலை சாமி. இந்த வயல்ல பாடுபட்டவங்க இன்னும் வரலை. அவங்களை விட்டுட்டு எப்படி ஆரம்பிக்க? பெரியசாமி சொன்ன முறைலா?"

குரு மண்டபத்துக்குள் நிமிர்ந்து பார்த்தார். கூரையின் இருட்டில் வௌவால்கள் நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன்னைவிட மூத்த சீடரின் தோளைப் பிடித்து, வாசற்படியில் இருந்த அந்த இலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அவங்க முதல் பந்தி வயல்லேயே முடிஞ்சிட்டு, நாயகம். காலைல பெருக்கி எச்சில் இலை எடுத்ததும் நீருதான். இது ரெண்டாம் பந்தி. உக்காரும்."